எல்லாருக்கும் என்றொரு பொத்தான்

அவளுக்குக் கோபம் வரப்போகிறது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும். முதலில் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொள்வாள். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாவிட்டாலும் துடைப்பாள். கடைசியில் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிட வேண்டும். அவளுக்குக் குக்கர் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. அவள் காதுபட யாரும் கூப்பிட்டதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தாள். பெயர் பொருத்தமாக இருந்தால் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்த அலுவலகம். கீழே காற்றடிக்கிற சத்தமும் ரப்பர் வாசனையும் படியேறி வரும். வேலை, கணினி விளையாட்டுகளுக்குத் தோல் மாற்றுவது. விளையாட்டில் நடமாடுகிற ஆள், கார், வீடு எல்லாமே உள்ளே வெறும் கூடுதான். அந்தக் கூட்டைச் செய்கிறவர் மாடல்காரர். அதன்மேல் போர்த்துகிற படத்தை வரைகிறவள் இவள். போன வருஷம் போலீஸ்காரராக இருந்த கூடு இந்த வருஷம் தபால்காரராகும், அடுத்த வருஷம் மீன் பிடிப்பவராகும். எலும்பு அதேதான், போர்வைதான் வேறு. ஒரு முகத்தின் போர்வையைத் தனியே விரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். காது இரண்டும் ஓரத்துக்கு ஓடியிருக்கும், மூக்கு அகலமாக உட்கார்ந்திருக்கும். பழகாதவர்கள் பயந்துபோவார்கள். அவள் அதைப் பார்த்தே ஆள் எப்படி இருப்பார் என்று சொல்லிவிடுவாள்.

இதற்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தாள். அதைப் பற்றிப் பேசினாலே கண்ணாடியைக் கழற்றுவாள். அங்கே வருகிறவர்கள் போட்டோ எடுத்து முடித்ததும் வாசல் வரை போய், எதையோ மறந்தவர்களைப் போலத் திரும்பி வந்து, தணிந்த குரலில் ஒன்று சொல்வார்கள்: "கொஞ்சம் கலர் ஏத்திடுங்க." சொல்லாதவர்களுக்கும் ஸ்டூடியோக்காரர் ஏற்றச் சொல்வார். பள்ளிக்கூட அடையாள அட்டை, வேலைக்கு அனுப்புகிற படம், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்புகிற படம், எல்லாமே ஒரே வெளுப்பு. செத்துப்போனவர்களைக்கூட விடவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர், காலமான மனைவியின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார். வாங்கிப் பார்த்தவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது என் சம்சாரம் இல்லம்மா. மாத்திக் கொடுத்துட்டீங்க போல" என்றார். ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அந்த வாரமே அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே வந்தாள். வரும்போது தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை. இந்தத் தொழிலில் ஒவ்வொருவரும் வருஷக்கணக்காகச் சேர்த்துவைக்கும் தூரிகைகளும், அடிக்கடி செய்கிற வேலையை ஒரே பொத்தானில் அடக்கிப் பதிவுசெய்த பொத்தான்களும்தான் அவரவர் பெட்டி. துருவுக்கு ஒன்று, செங்கலுக்கு ஒன்று, சவரம் செய்யாத தாடிக்கு ஒன்று. எந்த வேலைக்குப் போனாலும் கூடவே போகும்.

அவளுக்கு ஒரே மகள். எட்டாவது படிக்கிறாள். அம்மாவைப் போலவே நல்ல கறுப்பு. கோபமும் அம்மாவினுடையதுதான், ஆனால் இவள் சத்தம் போட மாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று ஓடுவதை நிறுத்தினாள். ஏனென்று கேட்டதற்கு, "பிடிக்கல" என்ற ஒரே பதில். அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். குழந்தை வாயைத் திறக்கவில்லை.

அந்த மகளிடம்தான் அவள் ஒரு முகம் கேட்டாள். இந்த வருஷ விளையாட்டில் ஒரு சிற்றூர் வருகிறது. அதில் ஒரு ரொட்டிக்கடை, கடையில் ஒரு பெண். பார்க்கிறவர்கள் மறக்காத ஒரு முகம் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். மகளோ போட்டோ என்றாலே கடைசி வரிசைக்கு ஓடுகிற பெண். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

"ஆனா ஒண்ணும்மா. நான் எப்படி இருக்கேனோ அப்படியே போடணும். மாத்தினா உன்கிட்டப் பேசவே மாட்டேன்."

"நானாடி மாத்துவேன்? அதுக்காகச் சண்டை போட்டுட்டு வேலையை விட்டவ நான்" என்றாள் அம்மா. சொன்னபடியே வரைந்தாள். நெற்றியில் இருந்த சின்னத் தழும்பைக்கூட விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. பழைய மென்பொருள் அவற்றில் ஓடவில்லை. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாளி அந்தப் பொறுப்பை அவளிடமே விட்டார். "நீங்கதான் ராத்திரி பகலா அதோட குடும்பம் நடத்தப் போறீங்க. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் அவளும் பார்த்தாள். வந்த மூன்றுமே முதல் பார்வைக்கு நல்ல பிள்ளைகள்.

முதலாவது, தொழிலில் எல்லோரும் வைத்திருப்பது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மாதாமாதம் வாடகை. வாடகை நின்றால் நாம் வரைந்த படம் நமக்கே திறக்காது. "நம்ம வீட்டுப் பூட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சாவி வச்சிருக்கிற மாதிரி" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். அதோடு அது தள்ளி வைக்கப்பட்டது.

இரண்டாவது, ஒரே தடவை விலை கொடுத்து வாங்கிவிடலாம். கையெழுத்துப் போடுகிற மாதிரி இலகுவாக ஓடியது. ஆனால் விளையாட்டுப் படங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படம் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது எந்த இடம் தெரியலாம், எந்த இடம் மறைய வேண்டும் என்று சொல்வது. விளையாட்டுக்காரர்கள் அதையே எடுத்து, எந்த இடம் பளபளக்க வேண்டும், எந்த இடம் மங்கலாக இருக்க வேண்டும் என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். இந்த மென்பொருளுக்கு அந்த வித்தை தெரியவில்லை. மங்கலான இடத்தையெல்லாம் மறைய வேண்டிய இடம் என்று நினைத்து, மறைகிற இடத்துக்கு நிறம் எதற்கு என்று துடைத்துவிட்டது. தபால்காரரின் பளபளக்கிற கண்ணும் உதடும் மட்டும் தங்கின. மிச்ச முகம் வெறும் வெள்ளை. அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு அதை நிராகரித்தாள்.

மூன்றாவது இலவசம். யார் யாரோ ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதியது. மாடல்காரருக்கு அதன்மேல் தனி அபிமானம். ஊரில் தன் சொந்தக்காரப் பையன் நன்றாகப் படிக்கிறான் என்று சொல்கிற பெருமையோடு அதைப் பற்றிப் பேசுவார். பார்க்க அழகாக இல்லை. பொத்தான்கள் எல்லாம் எங்கெங்கோ கிடந்தன. ஆனால் மற்ற இரண்டும் செய்யாத ஒன்றை அது செய்தது. அவளுடைய பெட்டியை அப்படியே வாங்கிக்கொண்டது. துருவும் செங்கலும் தாடியும் ஒன்றுவிடாமல் உள்ளே வந்து உட்கார்ந்தன. அதிலேயே அவள் மனசு பாதி சாய்ந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க, அந்தச் சிற்றூர் முழுவதையும் அவள் கணினியில் அந்த மென்பொருள் வழியாகத் திறந்து, விளையாட்டுக்கு ஏற்றபடி ஒரேயடியாகச் சேமித்தார்கள். முன்பு போலக் கண்ணும் உதடும் தனியே மிதக்கின்றனவா என்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். மிதக்கவில்லை. மாடல்காரர் ஊரைச் சுற்றிக்காட்டுகிற சின்ன வீடியோ ஒன்றை எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

"ஊரே பளிச்சுனு இருக்கே" என்றார் முதலாளி.

அவளும் தலையாட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினாள். தெரு வந்தது, மரங்கள் வந்தன, தபால்காரர் வந்தார். கேமரா ரொட்டிக்கடைக்குள் நுழைந்தது. மேசைக்குப் பின்னால் அதே நெற்றித் தழும்போடு, அதே மேல்தூக்கிய புருவத்தோடு, வெளுத்த ஒரு பெண் நின்றாள்.

மகள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "இது யாரும்மா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே நின்று அம்மா சொல்லிப் பார்த்தாள், "நான் பண்ணலடி, அந்தப் புது சாஃப்ட்வேர் பண்ணியிருக்கு." உள்ளே விளக்கு அணைந்தது. கணவர் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "காலையில பேசிக்கலாம், விடு" என்றார். அவரையும் சேர்த்து எரித்துவிடுவதைப் போல ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் நாற்காலியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பெருமூச்சும் இல்லை. நேராக முதலாளியின் அறை.

"சார், அந்த சாஃப்ட்வேரத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"ஏம்மா, நேத்துதானே நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டோம்?"

"நல்லா இல்ல சார், வெளுத்துப்போயிருக்கு. நாம செஞ்ச ஊர்ல ஒரே ஒரு கறுத்த ஆளைக் காட்டுங்க பாப்போம். மரத்தையாவது விட்டுச்சா? அடிமரமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது."

முதலாளி வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சங்கடம் வந்தது. இத்தனை பேர், நிறத்தையே தொழிலாக வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள், முந்தைய நாள் முழுக்க அதைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவளும் அதில் ஒருத்திதான். அது அவளுடைய ஆத்திரத்தை இன்னும் கிளறியது. வெளியே வந்து மாடல்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓசியில கிடைச்சா எதை வேணும்னாலும் வாயில போட்டுக்குவீங்களா தம்பி? அதை எழுதினவங்களுக்குக் கறுப்புன்னா தப்புன்னு நெனப்பு போல. சரிபண்ணி அனுப்பியிருக்காங்க."

மாடல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, அது தானா அப்படிச் செய்யாதுக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா? வாங்க, கண்ணால பாருங்க."

எல்லோரும் அவள் மேசையைச் சூழ்ந்தார்கள். ரொட்டிக்கடைப் பெண்ணின் மூலப்படத்தைத் திறந்தாள். ஒரு கணம் மகளின் நிறம் திரையில் நின்றது. மறுகணம் யாரும் எதையும் தொடாமலே அது வெளுத்தது. கூடியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "போதுமா?" என்றாள்.

மாடல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். தன் மேசைக்குப் போய் அதே படத்தை, அதே மென்பொருளில் திறந்தார். திறந்தது திறந்தபடி இருந்தது. கறுப்பு கறுப்பாகவே நின்றது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். மாறவில்லை.

"என் மிஷின்ல மாறலையேக்கா. உங்க பெட்டியில என்னென்ன இருக்கு?"

அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் பெட்டியைத் திறந்து மேலிருந்து கீழாக உருட்டினாள். துரு, செங்கல், தாடி, ஈரச்சுவர், கிழிந்த துணி. அடியோ அடியில், மறந்தே போன ஒரு பொத்தான். பக்கத்தில், படம் திறந்ததும் தானாக ஓடு என்கிற அடையாளம். அதற்கு அவளே வைத்த பெயர்: எல்லாருக்கும்.

ஸ்டூடியோவில் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாகக் கலர் ஏற்றக் கை வலிக்கிறது என்று அவள்தான் அதைப் பதிவுசெய்தாள். மாநிறமும் அதைவிடக் கறுத்ததும் படத்தில் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வெளுப்புக்குத் தூக்கிவிடும். முகமா, மரமா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. வேலையை விட்டு வந்த அன்றைக்கே அதை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை, ஓடாதபடி நிறுத்தித்தான் வைத்தாள். இத்தனை வருஷம் பழைய மென்பொருளில் அது தூங்கிக்கொண்டிருந்தது. புதிது பெட்டியை வாங்கியபோது உள்ளே இருந்த அத்தனையையும் எழுப்பிவிட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி அங்கே நின்ற எல்லோர் வாயிலும் வந்திருக்கும், யாரும் சொல்லவில்லை. கோபக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எடுத்த கோபத்தைத் திரும்ப வைக்க இடம் இருக்காது. அவளுக்கு ஸ்டூடியோக்காரரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவர் இங்கே இல்லை. பொத்தானில் அவர் பெயரும் இல்லை. அதை அழித்தாள். குப்பையிலிருந்தும் அழித்தாள். மறுபடி தேடிப்பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"தம்பி, நான் பேசினது தப்பு."

"பரவால்லக்கா. ஆனா ஓசின்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

முதலாளி அதற்குள் வாடகை மென்பொருளுக்குச் சொல்லி அனுப்பத் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார். அவள் உள்ளே போய், "வேணாம் சார். இதுவே இருக்கட்டும். குத்தம் இதுமேல இல்ல" என்றாள். 

ஊரை மறுபடி சேமித்து, புது வீடியோவை வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பேசியை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரொட்டிக்கடை, மேசை, அதன் பின்னால் மகளே, தன் நிறத்திலேயே. மகள் பெரிதாக்கிப் பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"சாஃப்ட்வேரச் சரிபண்ணிட்டியா?"

அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. ஆனால் காலையில் வேறொன்றின்மேல் போட்ட பழியை மறுபடி போட அவளால் முடியவில்லை.

"சாஃப்ட்வேர் பண்ணலடி. நான் பண்ணின ஒரு பட்டன்தான் பண்ணிச்சு. ஸ்டூடியோவுல இருந்தப்ப போட்டது. படம் உள்ள வந்தாலே வெளுத்து வெளிய போகும்."

"எல்லாப் படமுமா?"

"அந்த மிஷினுக்குள்ள வந்த எல்லாம்."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

சுவரில் மகளின் ஒரு வயதுப் படம் மாட்டியிருந்தது. ஸ்டூடியோவில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அம்மாவே எடுத்தது. கொழுகொழுவென்று, நல்ல நிறமாக ஒரு குழந்தை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "பாரு, பொறந்தப்ப எவ்வளவு கலரா இருந்தா. வெயில்ல அலையவிட்டுக் கருக்க வச்சுட்டீங்க" என்பாள். ஒவ்வொரு தடவையும் இவள் நாத்தனாரோடு சண்டைக்குப் போவாள். கறுப்பா இருந்தா என்ன என்று கேட்பாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று அத்தை சிரிப்பாள். அத்தனை சண்டையிலும் இவள் அந்தப் படத்தைச் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றைய வேலைகளோடு வேலையாக அதையும் உள்ளே தள்ளியதும் வெளியே எடுத்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அதுவுமாம்மா?" என்றாள் மகள்.

அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய டிஸ்க்கை இறக்கினாள். கேமராவிலிருந்து வந்த மூலப்படங்கள் அதில் இருந்தன. வீட்டுக் கணினியிலும், பழகிப் பார்க்க, அந்த இலவச மென்பொருளைத்தான் போட்டிருந்தாள். திறந்தாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். படம் வந்தது. எதுவும் மாறவில்லை. கொழுகொழுவென்று, நல்ல கறுப்பாக ஒரு குழந்தை, கேமராவுக்குப் பின்னால் நிற்கிற அம்மாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

"அப்ப நான் வெயில்ல ஓடிக் கருக்கலையா?"

"யாருடி சொன்னா உனக்கு அப்படி?" அவளுக்குச் சட்டென்று பழைய குரல் வந்துவிட்டது. "அந்த அத்தை சொன்னதையா—"

"அத்தை மட்டுமா? நீயும்தான் சொன்ன. தொப்பி போட்டுட்டுப் போ, இல்லைன்னா இன்னும் கருத்துடுவேன்னு. தெனமும் சொன்ன."

அவளுக்கு ஞாபகம் வந்தது.  சொல்லியிருக்கிறாள்.

"நான் மறுபடி அந்தக் கலருக்கு வந்துடலாம்னு நெனச்சேம்மா. வெயில்ல போகாம இருந்தா வந்துடும்னு. ரெண்டு வருஷமா." மகளுக்குக் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "எல்லாரும் என்னை முந்திப் போய்ட்டாங்க. நான் நிழல்ல உக்காந்து அவங்க பையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்கும்மா? நான் இப்படித்தான்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா என்ன?"

அம்மா அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல் நின்றாள். கணவர் சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றார். போய்ச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி, முகம் தெரியாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து, எதையெதையோ வெளியே இழுத்துப் போட்டாள்.

"என்னடி தேடற?"

"என் ஓடற ஷூ எங்க?"

தூசி படிந்த ஷூவை அவளே கண்டுபிடித்தாள். தரையில் உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்தி, காலை உள்ளே நுழைத்து அழுத்தினாள். குதிகால் போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் கால் வளர்ந்துவிட்டிருந்தது.